ரொட்டி சுட்ட வீட்டில் விரதம்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். அதைக் கடக்க ரயிலுக்கு ஒரு பகல் முழுக்க வேண்டும். வியாழக்கிழமை காலை வண்டி கிளம்பியபோது என் பையில் மூன்று கிலோ அவல், பொட்டுக்கடலை, துணியில் சுற்றிய ஒரு தட்டு, ஒரு கரண்டி இருந்தன. முந்தின நாள் விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, "இலங்கையில சாப்பாடு கிடைக்குமே அம்மா" என்றார். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். எனக்குக் கோதுமை ஆகாது. பிடிக்காது என்பது வேறு, ஆகாது என்பது வேறு. சீலியாக் என்று நோய்க்குப் பெயர். கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் உள்ளே போனால், என் உடம்பே என் குடலை எதிரியாக நினைத்து அடிக்கும். குடலின் உட்பக்கம் தேயும். தின்றது ஒட்டாது. ரத்தம் ஊறாது. வயிறு தன் போக்கில் போகும். இதற்கு மாத்திரை கிடையாது, கோதுமையை அடியோடு விடுவதுதான் வைத்தியம்.

இருபது வருடம் இரும்புச் சத்து மாத்திரையாக விழுங்கிய பிறகு, போன வருடம்தான் திருச்சியில் ஒரு மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். அவருக்கே ஆச்சரியம். "இது பஞ்சாப் பக்கம் சகஜம். நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கும் என்கிறார்கள். நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவரைக் காண்பதே அபூர்வம். உங்கள் வீட்டில் தினமும் கோதுமையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் அப்பா பதுளைக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலேற்றி அனுப்பப்பட்டுத் திருச்சிக்கு வந்தவர். தோட்டத்தில் அந்தக் காலத்தில் கோதுமை மாவைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். சோழ நாட்டிலிருந்தும் பாண்டிய நாட்டிலிருந்தும் போன அரிசிக்காரர்கள் அப்படித்தான் ரொட்டிக்காரர்கள் ஆனார்கள். அப்பா திரும்பி வந்த பிறகும் எங்கள் வீட்டில் காலையில் ரொட்டியும், காரத் துவையல் போன்ற சம்பலும்தான். பள்ளிக்கூடத்தில் என்னை 'சிலோன் ரொட்டி' என்று கூப்பிடுவார்கள். டிபன் பாக்ஸ் மூடியைப் பாதிதான் திறப்பேன்.

மருத்துவர் கடைசியாக ஒன்று சொன்னார். "இது குடும்பத்தில் ஓடும். ரத்த உறவுகளில் யாராவது காரணம் தெரியாமல் சோர்ந்து கிடந்தால் சோதிக்கச் சொல்லுங்கள்." எனக்கு உடனே சரோஜாவின் முகம்தான் வந்தது. என் சித்தப்பா மகள், அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். என்னைவிட நாலு வயது இளையவள், வீடியோவில் பார்த்தால் என் அக்கா போல இருப்பாள். போன வருடம் மலையில் மயங்கி விழுந்தாள். எத்தனை மருந்து கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை என்றாள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். குடலையும் கழிப்பறையையும் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. என் அலுவலகத்தில்கூட யாருக்கும் தெரியாது. நேரில் போனால் சொல்லிவிடலாம் என்று டிக்கெட் எடுத்தேன்.

நானுஓயா தாண்டியதும் எதிர் இருக்கையில் ஓர் இத்தாலியப் பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வடை விற்பவர் வந்தபோது, பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்திருந்தது: 'எனக்குச் சீலியாக் நோய். கோதுமை, பாண், ரொட்டி சாப்பிட்டால் உடல்நலம் கெடும். உதவுங்கள்.' பாண் என்றால் இங்கே பிரெட். வடைக்காரர் படித்துவிட்டு, வடையில் கோதுமை மாவு சேர்த்திருக்கிறது என்று சைகையில் சொல்லிவிட்டு அவித்த கடலையை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை.

அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அவளாகவே பேசினாள். தங்கள் நாட்டில் நூற்றில் ஒருவருக்கு இருக்குமாம். எந்த ஊர் மருந்துக்கடையிலும் இதற்கென்று தனி மாவு கிடைக்குமாம். பின்லாந்தில் இன்னும் அதிகம், சஹாராவில் ஒரு மக்கள் கூட்டத்தில் அதைவிடப் பல மடங்கு, ஜப்பானில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றாள். ஊர் ஊராகப் போகிறவள், ஊர் ஊராகக் கணக்கு வைத்திருந்தாள். பிறகு, "உங்கள் மக்களிடம் எப்படி?" என்று கேட்டாள்.

"எங்களிடம் இல்லை. நாங்கள் அரிசி சாப்பிடுகிறவர்கள்" என்றேன். வாயில் அவலை வைத்துக்கொண்டு சொன்னேன்.

அவள் எல்லா என்ற ஊரில் இறங்கி, ஜன்னல் வழியாகக் கையசைத்துவிட்டுப் போனாள். வண்டி தெமோதரையில் ஒரு சுற்றுச் சுற்றி, நின்ற நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து மறுபக்கம் வந்தது. எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். நான் இருக்கையை விட்டு அசையவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடமே பொய் சொன்னவள் சரோஜாவிடம் எப்படி உண்மை சொல்லப் போகிறேன் என்று கவலை பிடித்துக்கொண்டது. பொழுது சாயும் நேரத்தில் தண்டவாளம் முடிந்தது. பதுளை.

பஜாருக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்த ஒரு இரவுதான். மறுநாளிலிருந்து சரோஜா வீட்டில் தங்குவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை காலை நான் செய்த காரியத்தைத் தமிழ்நாட்டுக்காரர்கள் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் வெள்ளை வெளேரென்று இடியப்பம் அடுக்கியிருந்தார்கள். இடியப்பம் என்றால் அரிசிதானே? அது கேள்வியா என்ன? ஆறு இடியப்பமும் சொதியும் ரசித்துச் சாப்பிட்டேன். கை கழுவும்போது, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, என்ன அரிசி என்று கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"அரிசி இல்லீங்க, அவிச்ச கோதும மா. அரிசி மாவுன்னா செவப்பா இருக்கும், அது அந்தத் தட்டு" என்றார் அவர், பெருமையாக.

தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டிருந்தால் சிவப்புத் தட்டைக் கொடுத்திருப்பார். அட்டையை நீட்டும் துணிச்சல் வேண்டாம், வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஸ்பிரிங்வெளிக்குப் பதுளையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், பஸ்ஸுக்குத் தொண்ணூறு ரூபாய் கொடுத்தேன். வளைவுக்கு வளைவு ஏறும் பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம், தூரத்தில் நமுனுகுலை மலை. அந்த அழகை எழுத எனக்குத் தகுதியில்லை, பாதி வழியிலேயே வயிற்றில் உருட்டல் ஆரம்பித்துவிட்டது.

நிறுத்தத்தில் சரோஜாவும் அவள் கணவர் மணியமும் நின்றார்கள். சரோஜா கொழுந்துக்குப் போகாமல் எனக்காக நின்றிருந்தாள். கட்டிப்பிடித்தபோது எலும்புதான் கைக்கு வந்தது. கண்ணின் கீழ் இமைக்குள் துளிச் சிவப்பு இல்லை. கண்ணாடியில் நான் பல வருடம் பார்த்த கண்.

"வாங்கக்கா, வாங்க. மூணு நாளா இந்தா வாறாங்க அந்தா வாறாங்கன்னு லயம் பூரா சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். வாசலுக்கு வாசல் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சரோஜா வீட்டில் சாணி மெழுகிய அடுப்பில் தட்டு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. தேங்காய்ப் பூ போட்ட தடித்த ரொட்டி. பக்கத்தில் கட்டச் சம்பல். கோழி அறுத்து மதியச் சோற்றுக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"பெரியப்பா போன்ல பேசுறப்பல்லாம் இந்த ரொட்டியைத்தான் கேப்பாரு. அவரு இல்ல, நீங்களாவது சாப்புடுங்க" என்று தட்டை என் முன்னால் வைத்தாள்.

இதுதான் சொல்ல வேண்டிய நேரம். சொல்வதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். வாசலில் எட்டுப் பத்துப் பேர். வயிற்றில் இடியப்பம். என் வாயிலிருந்து வந்தது இது:

"இல்லம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு விரதம்."

சரோஜாவின் கை தட்டின் மேலேயே நின்றது. "ஐயோ, மறந்துட்டேங்கா. கோழி வேற..." என்று அடுப்பைப் பார்த்தாள். மணியத்தையும் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போனார். பொய்யின் வசதி எப்படி என்று பாருங்கள். சோறு எனக்கு ஆகும், கோழியும் ஆகும். ரொட்டியைத் தவிர்க்கச் சொன்ன பொய் அவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் மூடி திறக்காத ஒரு சோடாப் போத்தலும், புது கிரீம் கிரெக்கர் பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு தட்டில் வந்தன. சரோஜா என் கண் முன்னால் மூடியைத் திறந்தாள். "விரதத்துக்கு இது ஆகும்லக்கா" என்றாள். கிரெக்கரும் கோதுமை. வயிறோ அப்போது ஒரு சொட்டுத் தண்ணீரையும் ஏற்கும் நிலையில் இல்லை. வேண்டாம் என்று தலையாட்டினேன். அடுத்த நிமிடம் எழுந்து, லயத்துக்குப் பின்னால் இருந்த கக்கூஸைத் தேடி ஓடினேன். ஐந்து வீட்டுக்குப் பொதுவான ஒன்று. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். அதற்கு மேல் அங்கே இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. டவுனில் ஒரு வேலை இருக்கிறது, இன்றும் விடுதியிலேயே தங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"சரிங்க" என்றாள் சரோஜா. 'அக்கா' என்ற சொல் இல்லை.

பையை இறக்காமலே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மணியம் தெரிந்த ஒருவரின் ஆட்டோவைப் பிடித்துக் கொடுத்தார். பதுளைக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஓட்டுநர் பெயர் செல்வம், அதே லயத்துக்காரர். வண்டி வளைவுகளை இறங்கியது. தார்ப்பாதை வந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த சோடாவும் பிஸ்கட்டும் எதுக்குன்னு தெரியுங்களா?"

தெரியாது என்றேன்.

"டவுன்ல இருந்து பெரிய ஆளுங்க வருவாங்க, ஓட்டுக் கேக்க, சாமி கும்புட, கணக்கெடுக்க. எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்க. அதுக்குத்தான் மூடி தொறக்காத சோடா. கை படாத பிஸ்கட். ஒங்களுக்கு அத வாங்கி வைக்கலீங்க. நீங்க ரொட்டி வேணாம்னீங்க பாருங்க, அப்பறந்தான் மணியண்ணன் என்னைய கடைக்கு அனுப்புனாரு."

அவரே முடித்தார். "அதையும் நீங்க தொடலீங்க. சரோஜாக்கா ரெண்டு மூணு நாளா எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, எங்க பெரியப்பா மக ஒண்ணும் அப்பிடி ஆளு இல்ல, நம்ம வீட்லதான் சாப்புடும்னு."

அப்பா பிறந்த லயத்தில், அப்பா கேட்ட ரொட்டியைத் தொடாமல், அங்கே உள்ளவர்களைத் தொடத் தகாதவர்களாக்கிவிட்டு வந்திருக்கிறேன். வெட்கம் என்று இதுவரை நான் நினைத்திருந்தது வெட்கமே இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. கழிப்பறைக்கு ஓடுவதில் என்ன வெட்கம்? ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஓரமாக வாந்தி எடுத்தேன். செல்வம் தண்ணீர் போத்தலை நீட்டிவிட்டுத் தயங்கினார், நான் வாங்குவேனா என்று. வாங்கிக் குடித்தேன். அவர் வீட்டுத் தண்ணீர்தான்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மறுபடி ஏறினேன். லயத்தில் சரோஜா இல்லை, மலைக்குப் போய்விட்டாள். பெரட்டுக்களம் தாண்டி, அதாவது விடியற்காலை ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கும் இடம் தாண்டி, ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். பத்து மணித் தேநீர் நேரம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஐந்தாறு பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சரோஜா மடியில் பேப்பரில் சுற்றிய ரொட்டி. கூடையில் மற்றவர்களின் பாதிகூடக் கொழுந்து இல்லை. கிலோ குறைந்தால் முழு நாள் வேலைக்கும் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் போடுவார்கள். மாதத்தில் பாதி நாள் அவளுக்கு அரைப்பேர் என்று பிற்பாடு சொன்னாள்.

"சரோஜா, கொஞ்சம் தனியா வா. ஒண்ணு சொல்லணும்."

அவள் எழுந்திருக்கவில்லை. "எல்லாரும் பாக்கத்தானே போனீங்க. எல்லாரும் கேக்கவே சொல்லுங்க."

சொன்னேன். தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு, நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னேன். விரதம் இல்லை, நோய். கோதுமை பட்டால் குடல் புண்ணாகும், வயிற்றால் போகும், ரத்தம் ஊறாது. டவுனில் வேலை இல்லை, கக்கூஸுக்குப் பயந்து ஓடினேன். இது ரத்தத்தில் ஓடுவது, உனக்கும் இருக்கலாம், அதைச் சொல்லத்தான் வந்தேன், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பொய் சொன்னேன். நாக்கு குழறியது. மூக்கு ஒழுகியது.

ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். "வயித்தால போறதுக்கா இம்புட்டு?" இன்னொருத்தி அவளை அதட்டினாள். சரோஜா சிரிக்கவில்லை.

"நீங்க பீச்சுறத சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, எங்கள கேவலப்பட வச்சுட்டீங்களேக்கா" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அக்கா திரும்பி வந்திருந்தது.

பிறகு கேள்வி மேல் கேள்வி. எத்தனை பேருக்கு வரும்? வெள்ளைக்காரர்களில் நூற்றுக்கு ஒன்று, பஞ்சாபில் கிட்டத்தட்ட அதேதான், நம் ஆட்களுக்குக் குறைவு என்கிறார்கள் என்றேன். "நம்ம ஆளுன்னா யாருக்கா? சோறு திங்கிற ஆளா, ரொட்டி திங்கிற ஆளா? எண்ணுனவங்க இங்கிட்டு வந்தாங்களா?" தெரியவில்லை என்றேன். மலையில் யாருக்கு ரத்தம் இருக்கிறது, தோட்டத்துப் பொம்பளை என்றாலே சோகைதான் என்று டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றாள் அதட்டியவள்.

சரோஜா மடியிலிருந்த ரொட்டியை எடுத்துப் பார்த்தாள். "அப்ப இத வீசிறவா?"

வீசச் சொல்ல எனக்கும் ஆசைதான். "இல்ல, சாப்பிடு. சோதனைக்கு ரத்தம் எடுக்குற வரைக்கும் ரொட்டி சாப்பிடணும். நிறுத்திட்டா சோதனையில தெரியாது."

அவள் என்னைப் பார்த்தபடியே ஒரு துண்டு பிய்த்து, சம்பலில் தொட்டு வாயில் போட்டாள். விஷமாக இருக்கலாம் என்று நானே சொன்ன ஒன்றை, நானே சாப்பிடச் சொல்லி, அவள் மென்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு இரவும் சரோஜா வீட்டில்தான் தங்கினேன். ரொட்டி மாப் படாத ஒரு சட்டியை அடுத்த வீட்டிலிருந்து வாங்கி, தேய்த்துக் கழுவி, எனக்குத் தனியாகச் சோறு வைத்தாள். மிஞ்சிய கோழிக் குழம்பைச் சுண்டவைத்துப் போட்டாள். மணியம் வாசலைத் திறந்தே வைத்திருந்தார். போகிற வருகிறவர்களிடம், "எங்க வீட்டுக்காரி அக்கா சாப்புடுறாங்க" என்று சொன்னார். நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்து தட்டைக் காலி செய்தேன்.

திங்கட்கிழமை சரோஜாவைப் பதுளைக்கு அழைத்துப்போய்த் தனியார் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் அவளுடைய பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினார். இந்தச் சோதனைக்கு ரத்தத்தைக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா, "இந்தா, எங்கக்காவுக்கு" என்று என்னைக் கை காட்டினாள்.

அன்று இரவு ரயிலுக்கு அவளும் மணியமும் வழியனுப்ப வந்தார்கள். காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். சிவப்பரிசி இடியப்பம். "கேட்டுத்தான் வாங்குனேன்" என்றாள். வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் அவள் இன்னும் சிறியவளாகத் தெரிந்தாள்.

திருச்சிக்கு வந்து மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சரோஜா அழைத்தாள். ரத்தத்தில் காட்டியிருக்கிறதாம். குழாய் விட்டுக் குடலைப் பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்கள், அதுவரை ரொட்டியைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. அவளுக்குச் சொல்ல வேறு செய்தி இருந்தது.

"காலையில பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்பவே சொல்லிட்டேன்க்கா. எனக்கு இன்ன நோய், கோதும ஒத்துக்காது, வயித்தால போகும், ரத்தம் இல்லாம விழுறது இதாலதான்னு சத்தமாச் சொன்னேன். கங்காணி வாயப் பொளந்துட்டாரு. மூணு பொம்பளைங்க எனக்கும் அப்பிடித்தான்டின்னு வந்துட்டாங்க. அடுத்த தடவ அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒங்க பேரையும் சொன்னேன், இந்தியாவுல இருந்து எங்கக்கா வந்து சொன்னாங்கன்னு. சொல்லலாம்ல?"

"சொல்லலாம்மா" என்றேன்.

"அங்க ஒங்க ஆபீஸ்ல எல்லாம் தெரியுமாக்கா? ஒத்தாசையா இருக்காங்களா?"

அன்று மதியம் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள். கேக் துண்டைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டியபோது, வெள்ளிக்கிழமை, விரதம் என்று சொல்லியிருந்தேன்.

சரோஜா பதிலுக்குக் காத்திருந்தாள். அங்கே மழையா என்று கேட்டேன்.